தொட்டிக் கொட்டகையில் ஹாங்காங்

"ஹாங்காங்கா, மார்ஸேல்ஸா? எந்த ஊரு சீதோஷ்ணம் ஒடம்புக்கு நல்லதுன்னு நல்லா விசாரிச்சு வெள்ளிக்கிழமை சொல்லு" என்றார் முதலாளி ஹாஜி சாயபு.

இரண்டு ஊரிலும் தோல் கிடங்கு திறக்கப்போகிறார். ஒன்றுக்குக் குமாஸ்தா அப்துல் சுக்கூர் போக வேண்டும், மூன்று வருஷம்; இன்னொன்றுக்கு வேறொரு ஆள். கேட்ட நிமிஷமே சுக்கூருக்கு உடம்பெல்லாம் அரித்தது. லேசாக வேர்த்தாலே அவருக்கு வேர்க்குரு. வாணியம்பாடியிலிருந்து காட்பாடி தாண்டிப் போயறியாத மகானுபாவர் அவர்.

கப்பலில் போய்வந்த மெட்ராஸ் தரகர் ஒருவரைப் பிடித்தார். ஹாங்காங்கில் கோடையில் வெயிலும் மழையும் சேர்ந்து ஆளை அவித்துவிடுமாம், செருப்பில்கூடப் பூசணம் பூக்குமாம். பிரான்ஸ் தேசத்து மார்ஸேல்ஸில் கோடை வறட்சி, மழை குளிர்காலத்தில்தானாம்.

அடுத்தவர் பேச்சை நம்பி மோசம் போகிறவரா சுக்கூர்? தானே அனுபவித்துப் பார்க்கத் தீர்மானித்தார். அதற்குக் கப்பல் எதற்கு? தோல் பதனிடும் டேனரியிலேயே இரண்டு தேசமும் இருந்தன. தோல் ஊறுகிற தொட்டிக் கொட்டகை ஹாங்காங். தோல் காய்கிற கொட்டகை மார்ஸேல்ஸ்.

முதல் நாள் ஹாங்காங். தொட்டிகளுக்கு நடுவே முக்காலி போட்டுப் பகல் முழுக்க உட்கார்ந்தார். சாயங்காலம் முதுகில் வேர்க்குருவும் மேலெல்லாம் நாற்றமுமாக வீட்டுக்குப் போனால், மனைவி மஹ்பூபி வாசலை மறித்தாள்.

"இன்னாங்க இது, செத்த மாடாட்டம் வர்றீங்க? கெணத்தாண்ட போங்க மொதல்ல!"

"ஹாங்காங்லேர்ந்து வர்றேன்டி."

"அங்கியே சோறு துன்னுக்குங்க!"

மறுநாள் மார்ஸேல்ஸ். காற்று ஜிலுஜிலுவென்று வந்தது. குளிர்கால மழைதான் பாக்கி. வண்டிக்காரப் பொன்னுரங்கத்தைக் கூப்பிட்டு இரண்டு குடம் தண்ணீரைத் தலையில் ஊற்றச் சொன்னார். அவர் தலையில் பாதி, தொங்கிய தோல்கள் மேல் பாதி என்று பெய்தது மழை.

"காய்ஞ்ச சரக்கை நாசம் பண்ணிட்டியே பாய்!" என்று மேஸ்திரி கம்பெடுத்துத் துரத்தினார். ஈரத் துணியோடு ஓடியதில் ஜுரம் வந்தது.

"வெளியூர் போறவரைக்கும் உசுரோட இருங்க, அது போதும்" என்று மஹ்பூபி கஷாயத்தை நங்கென்று வைத்தாள்.

வெள்ளிக்கிழமை மூக்கை உறிஞ்சிக்கொண்டே சாயபு முன் நின்றார்.

"மொதலாளி, மார்ஸேல்ஸ் சொர்க்கம்! ஹாங்காங் மனுசன் இருக்கற எடமா? செருப்புல பூசணம், முதுகுல வேர்க்குரு, ஒரே பேஜார். பகையாளியைத்தான் அங்க அனுப்பணும்!"

"நெஜமாவா?"

"அனுபவிச்சுச் சொல்றேன் மொதலாளி!"

சாயபு எழுந்துவந்து தோளில் தட்டிக்கொடுத்தார். சுக்கூருக்குக் கால் தரையில் பாவவில்லை. வெளியே வந்து பொன்னுரங்கத்தின் வண்டியில் தாவி ஏறினார்.

"கடைத்தெருவுக்கு விடுய்யா. மார்ஸேல்ஸ் குளுருக்குக் கம்பளிக் கோட்டு தைக்கணும்!"

பொன்னுரங்கம் பாவமாகத் திரும்பிப் பார்த்தான்.

"உங்களுக்கு எதுக்கு பாய் கம்பளி? ரெண்டுல நல்ல ஊரு எதுன்னு தெரிஞ்சா, தன் மருமவனை அங்க அனுப்பலாம்னுதானே மொதலாளி உங்களை விசாரிக்கச் சொன்னாரு!"