லீவு பாய் நடத்திய ஜிம்

உலகத்தில் ஜிம் நடத்துகிற எல்லாரும் வராதவனைத் திட்டுவார்கள். வந்து நின்றவனையும் சேர்த்துத் திட்டி விரட்டிய ஒரே மனிதர் உச்சிப்புளி லீவு பாய்தான்.

வங்கி வேலையில் நான் அந்த ஊருக்கு மாற்றலாகிப் போன புதிது. சர்க்கரை எட்டிப் பார்க்கிறது என்று டாக்டர் சொன்ன பயத்தில், சிமெண்ட் கடை மாடியிலிருந்த அவர் ஜிம்மில் சேர்ந்தேன். முதல் நாளே அங்கிருந்த இரும்பையெல்லாம் ஒரு கை பார்த்தேன். மறுநாள் பல் விளக்கக் கையைத் தூக்க முடியவில்லை. அப்படியும் வீராப்பாகப் போனால், பாய் படியிலேயே மறித்தார்.

"எங்கன வாரீக?"

"எக்சர்சைஸ் பண்ணத்தான், பாய்."

"இன்னைக்கு உங்களுக்கு லீவு. வீட்டுக்குப் போயி நல்லாச் சாப்பிட்டுத் தூங்குங்க. நாளைக்கு மட்டும் வராம இருந்தீக, வீட்டுக்கே வந்து தூக்கிட்டு வந்துருவேன்."

சொன்னதைச் செய்கிற ஆள். வரவேண்டிய நாளில் வராதவன் வாசலில் அவருடைய மொபெட் ஹாரன் விடாமல் அலறும். லீவு நாளில் அதே மொபெட் ரோந்து போகும். ஒருமுறை லீவு நாளில் கடற்கரைப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தேன். பின்னால் மொபெட் சத்தம் கேட்டதும், ஆடு திருடியவன் மாதிரி கருவேலம் புதருக்குள் பாய்ந்தேன்.

"வெளிய வாங்க சார். ஒரு பேங்க் ஆபீசர் பண்ற வேலையா இது?"

உடம்பெல்லாம் முள்ளோடு வெளியே வந்தேன். அந்த வாரம் முழுக்க எனக்கு லீவு!

பாய்க்கு ஒரு பழைய கதை உண்டு. சவூதியில் பல வருஷம் மூட்டை ஏற்றி இறக்குகிற வேலை. வெள்ளிக்கிழமைகூட ஓவர்டைம். கடைசியில் இடுப்பு ஒரேயடியாகப் படுத்துவிட்டது. ஊருக்கு வந்து, நடக்கவே புதிதாகப் பழகி, உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேற்றிய பிறகுதான் ஜிம் வைத்தார். "அங்கன நான் எடுக்காத லீவையெல்லாம் உங்களுக்குச் சும்மா குடுக்குறேன். வாங்கிக்க வலிக்குதா?" என்பார்.

வலித்தது தொப்பைக்கார ஆட்டோ சேகருக்கு. நாற்பதை நெருங்கும்போது முதுகுளத்தூரில் பெண் அமைந்திருந்தது. "போட்டோவுல நீ மட்டுந்தான்டா இருப்ப. பொண்ணுக்கு இடம் இருக்காது" என்று எவனோ ஆட்டோ ஸ்டாண்டில் கொளுத்திப் போட்டுவிட்டான். சேகர் ஜிம்முக்கும் வந்தான், லீவு நாளில் வீட்டுக் கொல்லையில் மணல் மூட்டையும் தூக்கினான். கல்யாணம் நெருங்கிய நேரத்தில், குனிந்தவன் நிமிரவில்லை. அவன் ஆட்டோவிலேயே அவனைச் சாய்த்து ஜிம் வாசலுக்குக் கொண்டுவந்தார்கள்.

"ஏலே, என்னத்தலே தூக்குன?"

"மணல் மூட்டை, பாய்."

கத்தப் போகிறார் என்று நாங்கள் ஒதுங்கி நின்றோம். கத்தவில்லை. அவன் தலையைத் தடவி, "என் இடுப்பும் இப்படித்தாம்லே போச்சு" என்றார்.

பல வாரம் ஓய்வு வேண்டும் என்றார் டாக்டர். கல்யாணத்தைத் தள்ளிவைக்கக் கேட்டு முதுகுளத்தூருக்குப் போனோம். பேங்க்காரர் கூட வந்தால் மரியாதையாக இருக்கும் என்று பாய் என்னையும் இழுத்துப்போனார். பெண்ணின் தாய்மாமன் மீசையை நீவினார்.

"மணவறையில உக்கார முடியாத மாப்பிள்ளைக்கு எப்படிங்க பொண்ணு குடுக்குறது?"

பாய் கைலியை மடித்துக் கட்டினார். சண்டைக்குத்தான் கிளம்புகிறார் என்று நான் அவர் கையைப் பிடிக்கப் போனேன். அவரோ முற்றத்தில் இறங்கித் தோப்புக்கரணம் போட ஆரம்பித்தார். "இந்த இடுப்பு ஒரு காலத்துல கட்டிலோட கெடந்துச்சுங்க. இப்பப் பாருங்க!" அவர் உட்கார்ந்து எழுந்த வேகத்தில் கட்டியிருந்த ஆடுகள் மிரண்டு கயிற்றை இழுத்தன. வீட்டுக்குள்ளிருந்து ஒரு சிரிப்புச் சத்தம். கல்யாணப் பெண் மலர்க்கொடி வாசலுக்கே வந்து பாயிடம் சொன்னாள்:

"போதும் மாமா, உக்காருங்க. அவுக மெதுவாத் தேறி வரட்டும். தையில வச்சுக்கிருவோம். நான் எங்கயும் ஓடிற மாட்டேன்."

தாய்மாமனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு சேகருக்கு முதலில் நடை மட்டும்தான். அப்புறம் வெறுங்கையோடு பயிற்சி, அதற்கப்புறம் சின்ன எடை. அவன் அவசரப்பட்டால் பாய் வீட்டுக்கு அனுப்பினார், சோர்ந்து படுத்தால் ஹாரன் அடித்தார். தையில் கல்யாணம் நடந்தபோது தொப்பை பாதிக்கு மேல் அப்படியேதான் இருந்தது. ஆனால் சம்மணம் போட்டு உட்கார்ந்தவன், யார் கையையும் பிடிக்காமல் எழுந்தான். போட்டோவில் மலர்க்கொடிக்குத் தாராளமாக இடம் இருந்தது.

சந்தோஷம் தலைக்கேறி, மாலையும் கழுத்துமாகச் சாம்பார் அண்டாவைத் தூக்கப் போனான். மண்டபமே அதிர ஒரு குரல்:

"ஏலே! மாப்பிள்ளைக்கு இன்னைக்கு லீவுலே!"

விடிந்ததிலிருந்து வாழை மரம் கட்டி, நாற்காலி போட்டு, பந்திக்கு ஆள் கூப்பிட்டு அலைந்தவர் பாய்தான். பந்தி முடிகிற நேரம் பார்த்தால் ஆளைக் காணோம். சமையல்கட்டுப் பக்கம் ஒரு நாற்காலியில், வாய் லேசாகத் திறந்திருக்க, அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். சாப்பிடக் கூப்பிடலாம் என்று போனேன். மலர்க்கொடி கையமர்த்தினாள்.

"எழுப்பாதீக சார். அவுகளுக்கு நான் தனியா எடுத்து வச்சிருக்கேன்."

மூலையில் சுற்றிக்கொண்டிருந்த ஃபேனை அவர் பக்கம் திருப்பிவைத்துவிட்டு, சத்தம் வராமல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.