மடித்து வரைந்த டிரே

அன்பும் அதைவிட அதிகமாகப் பொறுமையும் உள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதுவது. இங்கே நான் நலமில்லை. நீங்களாவது அங்கே உட்கார்ந்துகொண்டு படிக்கவும்.

தலையில் இடி விழுந்துவிட்டது. என் கம்ப்யூட்டரில் நீங்கள் போட்டுக்கொடுத்த, அளவோடு படம் வரைகிற அந்த கேட் (CAD) சாஃப்ட்வேரில், காரின் பின் சீட்டுக்கு ஒரு டிரே வரைந்தேனே, அது இன்று காலை பிளாஸ்டிக் பட்டறையிலிருந்து வந்தது. வந்ததா? பாதி வந்தது! பிரித்த கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

உங்கள் அத்தைக்குக் காய்ச்சலுக்குப் பிறகு கை நடுங்குவது உங்களுக்குத் தெரியும். போன பயணத்தில் டம்ளர் நழுவி, கொதிக்கிற டீ மேலெல்லாம் கொட்டியதிலிருந்து, "இனிமே நான் கார்ல ஏறமாட்டேன், ஆளை விடுங்க" என்கிறாள். பேத்தி பிறந்து மூன்று மாதம். இன்னும் போட்டோவைத்தான் கொஞ்சிக்கொண்டிருக்கிறாள். எனக்குப் பொறுக்கவில்லை மாப்பிள்ளை. டம்ளர் அசையாமல் நிற்கக் குழி வைத்து, கதவுக்குக் கதவு ஒரு டிரே செய்து, ஞாயிற்றுக்கிழமை அழைத்துவருகிறேன் என்று மார்தட்டினேன். டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு காரை அளந்தேன். பழக்கதோஷத்தில் ஒரு இஞ்ச் லூஸ் விடப்போக, "காரு மூச்சு விடுமா? சரியா அளங்க" என்றாள். தையல்காரன் புத்தியைக் காட்டக்கூடாதென்று அப்போதே உஷாராகிவிட்டேன். ஆகிவிட்டேன் என்று நினைத்தேன். பாதி வரைந்ததும், மறுபாதியும் கண்ணாடி பிம்பம்போல் விழ மிர்ரர் பட்டனை அழுத்தச் சொன்னீர்கள் அல்லவா? நாற்பது வருஷம் துணியை இரண்டாக மடித்துப் போட்டு வெட்டியவன் நான். பாதி வரைந்தால் முழுசு தானாக வரும், இதற்கு ஒரு பட்டன் வேறா என்று விட்டுவிட்டேன்.

பட்டறைக்காரருக்கு போன் போட்டேன்.

"மடிச்சுப் போட்டு வெட்டலையா?"

"பிளாஸ்டிக்கை எப்படி சார் மடிக்கிறது?"

"அப்ப என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!"

"கேட்டேனே சார். வரைஞ்சது வரைஞ்சபடி இருக்கட்டும், எனக்கே பாடம் எடுக்காதேன்னு நீங்கதானே சத்தம் போட்டீங்க?"

போனை வைத்துவிட்டு, டிரேயைப் பின் சீட்டில் வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் கதவைத் தொடுகிறது, மறுபக்கம் அந்தரத்தில் தொங்குகிறது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வரவில்லை. சாஃப்ட்வேரை அழித்துவிடுங்கள், கம்ப்யூட்டரை யாருக்காவது கொடுத்துவிடுங்கள், இனி இந்த வீட்டில் யாரும் என்னை எதையும் வரையச் சொல்லக்கூடாது.

மகளிடம் பக்குவமாகச் சொல்லவும். பேத்திக்கு ஆயுசும் ஆரோக்கியமும், எல்லாவற்றுக்கும் மேலாக உங்கள் மூளையும் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
மானம் போன மாமனார்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் உங்கள் அத்தை அந்தப் பாதியைத் தூக்கிக்கொண்டு போய் முன் சீட்டில் உட்கார்ந்து, மடியில் வைத்துக்கொண்டாள். அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்துவிட்டது. குழியில் டீயை வைத்து, "ஓட்டுங்க பாப்போம்" என்றாள். நான்கு வேகத்தடை, ஒரு சொட்டு சிந்தவில்லை. "கை நடுங்குறது எனக்கு. நீங்க என்னடான்னா காரைப் போய் அளந்திருக்கீங்க" என்று சொல்லிவிட்டு, மீதி டீயையும் குடித்துவிட்டாள். மேலே எழுதியது எதையும் படிக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வரை பொறுக்க முடியாதாம், பெட்டி கட்டியாயிற்று. இந்தக் கடிதத்தை நேரிலேயே கொண்டுவந்து கொடுக்கிறேன்.