பிழையில்லா மழைக்கு ஆயிரம் கேட்பு

பினாங்குத் தீவின் ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி ஒன்றில் குடியிருந்த கோகிலன் கல்யாணங்களில் பாடிப் பிழைத்தார். அவர் பாடுவார், பெண் வீட்டார் காசு கொடுப்பார்கள். ஒரு காரியம் இவ்வளவு சுலபமாக நடப்பது கலையின் வளர்ச்சிக்கு உகந்ததல்ல என்று பினாங்கு இலக்க (டிஜிட்டல்) கலைஞர் மேம்பாட்டுக் குழு ஏகமனதாகத் தீர்மானித்தது.

"அண்ணே, இந்த வருசம் நம்ம குழு விழாவுல மேடை ஏறணும்னா ஆயிரம் கேட்பு வேணும்," என்றார் குழுத் தலைவி லோகேஸ்வரி.

"தமிழ்ல கேட்குறதுக்கு ரெண்டு அர்த்தம்மா. காதால கேட்குறதா, வாயால கேட்குறதா?"

"ரெண்டும் இல்ல. பாட்டுச் செயலியில ஓடுறது. அரை நிமிசம் ஓடுனா ஒரு கேட்பு. காசும் வரும்லா."

"எவ்வளவு?"

"வரும்ணே," என்று லோகேஸ்வரி சன்னல் பக்கம் பார்த்தார்.

அந்த மேடையில் பார்த்துத்தான் கல்யாணத்துக்குப் பாடகரைப் பிடிப்பார்கள். மேடை போனால் பிழைப்பும் போகும். ஆகவே கோகிலன் 'பிழையில்லா மழை' என்றொரு பாட்டைத் தாமே எழுதி, கெலுகோரில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவு செய்தார். இரண்டு ழகரங்களும் தொல்காப்பியத்துக்கு உட்பட்டு ஒலிக்கும்வரை திரும்பத் திரும்பப் பாடினார். கடைசியில் ஒலிப்பதிவாளர் அழுதுவிட்டார். கோகிலன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து தம் கையாலேயே பாட்டைச் செயலியில் ஏற்றினார்.

கேட்பு வேட்டை தொடங்கியது. தாசேக் கெலுகோரிலிருந்து மைத்துனன் அர்ஜுனன் கூப்பிட்டான்.

"மச்சான், ஒரே பாட்ட நாள் முழுக்கக் கேட்டா பைத்தியம் பிடிச்சிரும்!"

"உன்னைய யாருடா கேக்கச் சொன்னா? சத்தத்த அமுக்கிட்டு ஓட விடு."

இந்த நுட்பம் காட்டுத்தீயாகப் பரவியது. பாட்டு அரிசி டின் மேல் வைத்த கைபேசியிலும் ஓடியது, தொழிற்சாலைப் பூட்டலமாரிகளுக்குள் வைத்த கைபேசிகளிலும் ஓடியது. தன் பாட்டைத் தானே ரசிப்பது தற்பெருமை என்பதால் கோகிலனும் சத்தத்தை அமுக்கியே ஓடவிட்டார். ஆயிரம் தாண்டியது. "நான் தினமும் கேக்குறேன்," என்று குழுவினர் ஒவ்வொருவரும் அறிக்கை விட்டனர். லோகேஸ்வரி 'உள்ளத்தை நனைத்த குரல்' என்று விருதுரையே எழுதிவிட்டார்.

விழா நாளும் வந்தது. இலக்கக் கலைஞர் இலக்க முறையிலேயே பாட வேண்டும் என்பது விதி. அதாவது செயலி பாடும். கலைஞர் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஒலிபெருக்கிக்காரர் ஜபருல்லா பொத்தானை அழுத்தினார்.

ஒன்றும் கேட்கவில்லை.

"பாய், என்ன ஆச்சு?" என்று கோகிலன் மேடையோரம் குனிந்து கிசுகிசுத்தார்.

"வயர்ல கோளாறு இல்லண்ணே. நீங்க ஏத்துனதுலயே சத்தம் இல்ல. பாட்ட விட்டுட்டு, ஒண்ணுமே பதியாத காலி டிராக்க ஏத்தி வச்சிருக்கீங்க."

கோகிலன் நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தார். லோகேஸ்வரி கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்திலிருந்தவர் அதைப் பார்த்துத் தலையாட்டினார். அவரைப் பார்த்து அடுத்தவர் "ஆஹா!" என்றார். ஆறாவது வரிசையில் ஓர் அக்கா கைக்குட்டையை எடுத்தே விட்டார்.

தொண்டை ஒன்றுதான் அவரிடம் மிச்சமிருந்தது. அது நல்ல தொண்டை. கோகிலன் மைக்கை வாயருகே கொண்டுபோய், முதல் வரியைப் பாட மூச்சிழுத்தார்.

"ஷ்ஷ்!" என்று முன்வரிசையிலிருந்து ஓர் அதட்டல். "பாட்டு ஓடுதில்ல? கேக்க விடுங்கண்ணே!"

கோகிலன் வாயை மூடிக்கொண்டார். முன்வரிசை தாளம் தப்புவது பொறுக்காமல், தாமே சரியாகப் போட்டுக் காட்டினார்.