மையில்லாமல் அடித்த பெயர்

நான் பேசக் கூச்சப்படுகிறவள். ஆறாம் வகுப்போடு படிப்பும் முடிந்தது. ஆனாலும் புக்கிட் ரோத்தான் பக்கத்து எஸ்டேட்டில் ஒருநாள் என் மனசை ஊரறிய அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டேன். (தெரிந்து செய்யவில்லை.)

எண்பதுகளில் எஸ்டேட் ஆபீஸைக் கூட்டித் துடைப்பது என் வேலை. ஆபீஸ் கணக்கெழுதும் கிராணியாரின் டைப்ரைட்டர் ஓரத்தில் மூன்று புள்ளிகளுக்கு இடையே நகரும் ஒரு சின்னக் குமிழ் உண்டு. கறுப்பில் வைத்தால் கறுப்பு எழுத்து, சிவப்பில் வைத்தால் சிவப்பு. வெள்ளையில் வைத்தால் ரிப்பன் மேலே வராது. எழுத்து தாளில் மோதும், மை ஒட்டாது. எனக்கென்றே செய்ததுபோல் இருந்தது. கிராணியார் சாப்பிடப் போனதும் வெள்ளையில் வைத்து, வேலையாட்களின் பெயர்ப் புத்தகத்தில் பார்த்துப் பழகிய இங்கிலீஷ் எழுத்தில், லோரி ஓட்டும் முனியாண்டியின் பெயரை அடிப்பேன். அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்படி அடித்தால் சொன்னதுபோலவும் இருக்கும், சொல்லாததுபோலவும் இருக்கும்.

அன்று ஏற்கெனவே தாள் மாட்டியிருந்தது. பதினாறு முறை அடித்துவிட்டுப் பழையபடி உருட்டி வைத்தேன். கிராணியாருக்குக் கண்ணாடி போட்டும் பார்வை போதாது. கறுப்புக்கு மாற்றி, கோயில் துப்புரவு அறிவிப்பை அதன் மேலேயே அடித்தார். மேல்தாள் பைலுக்குப் போனது. அடியில் முதலிலேயே வைத்திருந்த கார்பனில் விழுந்த பிரதி பலகைக்குப் போனது.

கார்பனுக்கு வெள்ளைப் புள்ளியெல்லாம் கிடையாது.

மறுநாள் பலகை முன்னால் ஒரே சிரிப்பு.

“கிராணியாரே, முனியாண்டி மேல இவ்ளோ பாசமா?”

“நான் எங்கய்யா அடிச்சேன்!” என்றவர் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற என் அப்பாவும் பார்த்தார். அவர் வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர், அவர் குரலுக்கு லயத்து வீடுகள் எல்லாமே அடங்கும். நான் துடைப்பத்துக்குப் பின்னால் ஒளியப் பார்த்தேன். (துடைப்பம் போதவில்லை.)

முனியாண்டி வந்தார். படித்தார். தாளை உரித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

“எம் பேருதானே போட்டிருக்கு? நோட்டீஸ் எனக்குத்தான் லா.” பிறகு அப்பாவிடம், “மாமா, சாயங்காலம் எங்கம்மாவக் கூட்டிட்டு வீட்டுக்கு வரேன்” என்றார்.

அப்படி வந்து என்னைக் கட்டிக்கொண்டவர் காலமாகி நாலு வருஷமாகிறது. மகள் வாங்கித் தந்த போனில் எல்லாம் இருக்கிறது. அந்த வெள்ளைப் புள்ளி மட்டும் இல்லை. எழுதினால் தெரிந்துவிடுகிறது, அழித்தால் போயே விடுகிறது. போன வாரம் அவர் பெயரைப் பதினாறு முறை எழுதினேன். அழிப்பதற்குள் விரல் பட்டு, குடும்பக் குரூப்புக்குப் போய்விட்டது.

உடனே மகள் கூப்பிட்டாள். “ஏம்மா, கார்பனைப் பாக்கலயா?”

எங்கள் வீட்டில் யார் ரகசியம் வெளியானாலும் கேட்கிற கேள்விதான். இந்த முறை கேட்டவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அதை அழிக்கச் சொல்லவும் இல்லை.