இடப்பக்கத்துப் பெட்டி

பெண் பார்க்க ஊர் ஊராக அலைந்தவர்கள் உண்டு. வீடு பார்க்க அலைந்தவர்கள் உண்டு. மோட்டார் சைக்கிளுக்குப் பெட்டி பார்க்க வருஷக்கணக்கில் அலைந்த ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, எங்கள் பொட்டி அண்ணாச்சிதான். எண்பதுகளின் கடைசியில் தேட ஆரம்பித்தார். அதற்கப்புறம் டெல்லியில் பிரதமர்களே அடுத்தடுத்து மாறிவிட்டார்கள். அண்ணாச்சிக்குப் பெட்டி மட்டும் அமையவில்லை.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பள நாளில் கையெழுத்துப் போட மட்டும் அதை வெளியே எடுப்பார். பட்டாளத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றுவந்து, ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி செய்யும் ஒரு கம்பெனியில் குடோன் சூப்பர்வைசராக இருந்தார். நான் அங்கே கிளார்க். இருவருக்கும் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், பக்கத்துப் பக்கத்தில். தினமும் அவருடைய புல்லட்டின் பின்சீட்டில் எனக்கு ஓசிப் பயணம். ஓசியில் கிடைப்பதற்குத்தான் விலை அதிகம் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

பெட்டி எதற்கு என்றால், லடாக் போக. லடாக் எதற்கு என்றால், அண்ணாச்சியின் சம்சாரம், எங்கள் மதினிக்காக. கல்யாணமான கையோடு அண்ணாச்சி லடாக் பனிமலைக்கு டூட்டிக்குப் போனவர். லீவில் வரும்போதெல்லாம், "அடுத்த தடவ உன்னையும் கூட்டிட்டுப் போறேன்" என்பார். அடுத்த தடவைக்குப் பதிலாக ரிட்டயர்மென்ட்தான் வந்தது. மதினி சண்டை போடுகிற ஆள் இல்லை. ஆனால் தெருவில் ஐஸ் வண்டி மணி கேட்டால் போதும். "எனக்கு விதிச்ச பனி இம்புட்டுத்தான்" என்று வீட்டுக்குள் கேட்கும்படி சொல்வார்.

"ரயில்ல கூட்டிட்டுப் போங்களேன் அண்ணாச்சி" என்றேன் ஒருநாள்.

"ரயில்ல போறது சாமான் தம்பி. புல்லட்ல போறவந்தான் மனுசன்."

சரி, போக வேண்டியதுதானே? போயிருப்பார். நடுவில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வந்துவிட்டார்கள். தேரடிப் பக்கம் பெரிய மோட்டார் சைக்கிள் ஒன்றில் வந்து நின்று, சீட்டை விட்டு இறங்காமலே கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊர் அவர்களைப் பார்த்தது. அண்ணாச்சி, வண்டியின் இரண்டு பக்கமும் தொங்கிய அலுமினியப் பெட்டிகளைப் பார்த்தார். குனிந்து பார்த்தார். காதை வைத்துக் கேட்டார். விரலை மடக்கி டொக் டொக்கென்று தட்டினார். வெள்ளைக்காரர் திரும்பி, வாசற்கதவைத் தட்டியவருக்குப் பதில் சொல்வதுபோல், "எஸ்?" என்றார். கூட வந்திருந்த மதினியும் கண்கொட்டாமல் எதையோ பார்த்தபடி நின்றார். எதை என்று அன்றைக்கு நாங்கள் யாரும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து அண்ணாச்சிக்குப் பெட்டிக் கிறுக்கு பிடித்துவிட்டது. துணிப்பை, தோல்பை என்று யாராவது பேச்செடுத்தால் கேவலமாகப் பார்ப்பார். "பைங்கிறது மழையில அழும். பொட்டின்னா கெட்டியா இருக்கணும். ரெண்டு பக்கமும் இருக்கணும். இல்லன்னா வண்டிக்கு மரியாதை இல்ல."

முதலில் பட்டாளத்து டிரங்குப்பெட்டிகள் இரண்டை எடுத்தார். வெல்டிங் பட்டறையில் சட்டம் அடித்து, வண்டியின் இருபுறமும் தொங்கவிட்டார். பின்சீட்டில் சோதனைக்கு நான். கால் இரண்டையும் அகட்டி வைத்துக்கொண்டு, கடாவில் ஏறிய எமன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். பள்ளத்துக்குப் பள்ளம் மூடிகள் டமார் டமாரென்று அடித்துக்கொண்டன. ராஜபாளையத்தில் ஒரு தெருவுக்குள் நுழைந்ததும் பெண்கள் அண்டா குண்டாவோடு வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஒரு அம்மாள் உள்ளே திரும்பி, "கின்னெலு தேவே! பாத்திரத்தக் கொண்டா! ஈயம் பூசறவரு வந்துட்டாரு!" என்று தெலுங்கும் தமிழுமாகக் கூவினார்.

"நாங்க ஈயம் பூசறவங்க இல்லம்மா" என்றார் அண்ணாச்சி.

"பொறவு என்னத்துக்கு இம்புட்டுச் சத்தம்?"

"லடாக் போறோம்."

"அப்படின்னா திரும்பி வாரப்ப பூசிக் குடுங்க" என்று ஒரு பித்தளைப் போணியைப் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போய்விட்டார் அந்த அம்மாள். திருப்பிக் கொடுக்கப் போனபோதெல்லாம் வீடு பூட்டியே இருந்தது. கடைசியில் அண்ணாச்சி தாமே ஈயம் பூசிக் கொடுத்துவிட்டு வந்தார்.

தகரம் வேண்டாம், மரம்தான் சத்தம் போடாது என்று அடுத்தபடியாக முடிவாயிற்று. ஒரு சர்ச்சுக்குப் பின்புறம் நல்ல ஆசாரி ஒருவர் இருப்பதாக யாரோ சொல்ல, போனோம்.

"ரெண்டு பொட்டி அடிக்கணும்" என்றார் அண்ணாச்சி.

ஆசாரி உளியைக் கீழே வைத்தார். "நீளம் எம்புட்டு?"

"ரெண்டடி இருந்தாப் போதும்."

ஆசாரியின் முகம் வாடிவிட்டது. "ரெண்டும் ஒரே அளவா?"

"ஒரே அளவுதான். ஜோடியால்லா போகுது."

ஆசாரி தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ரெட்டையா! கர்த்தாவே! எப்ப எடுக்கீங்க?"

"பொட்டி ரெடியான மறுநாளே எடுத்துருவோம். லடாக் வரைக்கும் கொண்டுபோகணும்."

"அம்புட்டுத் தூரமா? பச்சப்புள்ளைகளுக்குன்னா நான் கூலி வாங்குறதில்ல ஐயா. மரத்துக்கு மட்டும் குடுங்க."

அண்ணாச்சிக்கு 'பச்சப்புள்ளை' காதில் விழவில்லை. 'கூலி இல்லை' மட்டும் விழுந்தது. "ரொம்ப சந்தோசம்! மூடி மட்டும் லேசாத் தெறக்கணும். தெனம் ரெண்டு தடவ தெறந்து மூடணும்லா."

"தெறக்கவா? எதுக்கு?"

"ராத்திரி கைலிய எடுக்கணும். காலையில பல்லுப்பொடிய எடுக்கணும்."

அப்போதுதான் சுவரோரம் வரிசையாகச் சாத்தி வைத்திருந்த ஆறடிப் பெட்டிகளை நான் கவனித்தேன். ஆசாரி கொட்டாப்புளியைக் கையில் எடுத்ததையும் கவனித்தேன். அண்ணாச்சி வண்டியை உதைத்து ஸ்டார்ட் செய்வதற்குள் நான் தெருமுனையில் இருந்தேன்.

மூன்றாவதாக வந்தவை பால்கோவா டின்கள். கடையில் சொல்லிவைத்து வாங்கிய பெரிய தகர டின்கள் இரண்டு. பூட்டும் வைத்தாயிற்று. எத்தனை தடவை கழுவினாலும் பால் வாசனை போகவில்லை. போகாததும் நல்லதுக்குத்தான் என்றார் அண்ணாச்சி. "கொரங்கு தெறக்க முடியாத பூட்ட எந்தத் திருடனும் தெறக்க மாட்டான்" என்பது அவர் சித்தாந்தம். ஆகவே வண்டியைச் செண்பகத்தோப்புக்கு விட்டார். மலையடிவாரத்தில் நிறுத்திவிட்டு, நாங்கள் ஒரு புளியமரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டோம். அண்ணாச்சிக்கு அங்கே ஒரு தும்மல் வந்து, அதை அடக்கி, இன்னொன்று வந்து, அதையும் அடக்கி முடித்தபோது குரங்குகள் கலைந்து போயிருந்தன. டின் இரண்டும் மூடியபடியே இருந்தன. "பாத்தியாலே! தொட முடியல!" என்று என் முதுகில் ஒன்று வைத்தார்.

திரும்பும் வழியில் ஃபாரஸ்ட் செக்போஸ்ட்டில் கார்டு ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"பொட்டிக்குள்ள என்னய்யா?"

"ஒண்ணுமில்ல சார். காலி."

"கிரீச்" என்றது பெட்டி.

பூட்டைத் திறந்து, உள்ளே இறங்கி, வாசனை பிடித்துப்போய் மூடியையும் இழுத்துச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஒரு குரங்குக்குட்டி. கார்டு குரங்கையும் அண்ணாச்சியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நாங்க லடாக் போறோம் சார்" என்று ஆரம்பித்தார் அண்ணாச்சி.

"லடாக்குக்குக் கொரங்க எதுக்கய்யா கொண்டு போறீரு?"

அந்தக் கேள்விக்குக் குட்டியைத் தேடி வந்த தாய்தான் பதில் சொன்னது. அண்ணாச்சியின் மூக்குக்கண்ணாடியைப் பறித்துக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது.

இவ்வளவையும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மதினி ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தார். "என்னைய எப்ப ஏத்திப் பாப்பீங்க?"

"பொட்டி முடிவாகட்டும்" என்றார் அண்ணாச்சி.

கடைசியில் முடிவாயிற்று. பாத்திரப் பட்டறை ஒன்றில், தடித்த அலுமினியத் தகட்டை வளைத்து, மூலையெல்லாம் ரிவெட் அடித்து, மூடிக்கு சைக்கிள் ட்யூபை வெட்டி ஒட்டி, ஒரு ஜோடி உருவானது. காலையில் இரண்டிலும் தண்ணீர் ஊற்றி மூடிப் படுக்கப் போட்டார். "உள்ள ஊத்துனது வெளிய வரலன்னா, வெளிய பெய்யுறது உள்ள போகாது." சாயங்காலம் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஒரு சொட்டு ஒழுகவில்லை. அவர் கண்ணிலிருந்துதான் ஒழுகியது.

கிளம்பும் நாளில் தெருவே கூடிவிட்டது. வண்டிக்கு மாலை, டயருக்கு எலுமிச்சம்பழம். பெட்டிகள் இரண்டும் வெயிலில் பளபளத்தன. மதினி புதுச்சேலை உடுத்தி, தலை நிறையப் பூ வைத்து வந்தார். நம் பெண்கள் எல்லோரும் உட்காருகிற மாதிரி, இரண்டு காலையும் இடது பக்கம் தொங்கவிட்டு ஒருக்களித்து உட்காரத் திரும்பினார்.

இடது பக்கத்தில் பெட்டி இருந்தது.

"கால எங்கன வைக்க?" என்றார் மதினி.

இத்தனை வருஷச் சோதனையிலும் பின்சீட்டில் உட்கார்ந்தவன் நான். பேண்ட் போட்டவன். இரண்டு பக்கமும் கால் போட்டவன். சேலை கட்டிய மதினியை ஒரு தடவைகூட அண்ணாச்சி ஏற்றிப் பார்க்கவில்லை. எல்லோரும் என் கால்களைப் பார்த்தார்கள். நானும் பார்த்துக்கொண்டேன்.

அண்ணாச்சி ஒருவழியாகச் சுதாரித்து, இடது பெட்டியைக் கழற்றினார். சாமான் முழுவதையும் வலது பெட்டியில் திணித்தார். மதினி ஏறினார். வண்டி தெருமுனைப் பிள்ளையார் வரை அழகாகப் போயிற்று. அங்கே தேங்காய் உடைக்க மதினி இறங்கினார். இறங்கியதும் வண்டியும், பெட்டியும், அண்ணாச்சியும் வலது பக்கமாகச் சாய்ந்து, பிள்ளையாருக்கு முன்னால் சாஷ்டாங்கமாக விழுந்தார்கள்.

தூக்கி நிறுத்தினோம். "ஒண்ணுமில்ல. நீ எறங்கக் கூடாது, அம்புட்டுத்தான்" என்றார் அண்ணாச்சி, முழங்கையைத் தடவிக்கொண்டே.

"லடாக் வரைக்குமா? ஒண்ணுக்குக்கூட எறங்கக் கூடாதா?" மதினியின் குரல் உடைந்துவிட்டது. "பொட்டியா நானா, ஒண்ணு சொல்லிருங்க. நான் வேணா இங்கனயே இருந்துக்கிடுதேன். இருந்து பழக்கந்தான்."

அண்ணாச்சி வண்டியை வீட்டு வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். ஸ்பேனரை எடுத்தார். வலது பெட்டியையும் கழற்றி, இடது பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். மூடியில் ஒட்டியிருந்த மண்ணைத் துண்டால் துடைத்தார். பிள்ளையை முதல் நாள் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத் திரும்புகிறவரைப் போல இருந்தது முகம்.

"ரெண்டு மஞ்சப்பை போதும். நீ ஏறு" என்றார்.

மதினி அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "செத்த நேரம் இருங்க" என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். திறந்துகொண்டு வெளியே வந்தபோது, பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் வாயிலிருந்து பீடி கீழே விழுந்தது. அண்ணாச்சியின் பட்டாளத்துப் பேண்ட். முழுக்கைச் சட்டை. பேண்ட் இறங்காமலிருக்க, இடுப்பைச் சுற்றி எங்கள் கம்பெனி பேண்டேஜ் துணி. தலையில் பூ மட்டும் அப்படியே.

"பொட்டிய மாட்டுங்க. ரெண்டையும்" என்றார்.

மாட்டினோம். மதினி என் தோளைப் பிடித்து, காலைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டு, இரண்டு பெட்டிக்கும் நடுவில் ராணி மங்கம்மா மாதிரி உட்கார்ந்தார்.

"இப்படி உக்கார எங்கன படிச்ச?" என்று கேட்டார் அண்ணாச்சி, பிளந்த வாய் மூடாமல்.

"அன்னைக்குத் தேரடியில நீங்க பொட்டியப் பாத்தீங்க. நான் அந்த வெள்ளைக்காரி உக்காந்திருந்ததப் பாத்தேன்."

"இம்புட்டு நாளா சொல்லாம இருந்துட்டியே?"

"ஒருநாள் என்னைய ஏத்திப் பாத்திருந்தா, அன்னைக்கே சொல்லியிருப்பேன்."

தெரு கைதட்டியது. அவர்கள் போனார்கள். பிள்ளையாருக்கு இந்தத் தடவை உட்கார்ந்தபடியே கும்பிடு.

லடாக் வரை அவர்கள் போகவில்லை. மணாலிக்கு மேலே முதல் பனி தென்பட்ட இடத்திலேயே மதினி இறங்கிவிட்டாராம். "பனி எங்கன கெடந்தா என்ன?" என்று அங்கேயே உட்கார்ந்து, ஆசை தீர அள்ளினாராம். மாதம் ஒன்று ஆன பிறகு, ஒரு மத்தியானம் புல்லட் சத்தம் கேட்டு வெளியே ஓடினேன். முகமெல்லாம் கறுத்து, தோல் உரிந்து, இருவரும் சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

"வாலே, உனக்கு ஒண்ணு கொண்டாந்திருக்கேன்" என்று இடது பெட்டியைத் திறந்தார் அண்ணாச்சி. உள்ளே பாதிப் பெட்டிக்குத் தண்ணீர்.

"பனிய அள்ளிட்டு வாராராம் தம்பி" என்றார் மதினி. "இடம் பத்தலன்னு கம்பளி, சட்டையெல்லாம் அங்கன ஒரு டீக்கடைக்காரங்கிட்ட குடுத்துட்டாவிய. சமவெளி எறங்குறதுக்குள்ளயே கரைஞ்சு போச்சு. கொட்டுங்கன்னேன், கேக்கல. மலை எறங்குற வரைக்கும் குளுருல நடுங்கிக்கிட்டே வந்தாவிய."

"இம்புட்டு வருசமா பின்னால உக்காந்து எல்லாப் பொட்டியும் பாத்தவன். அவன் பனி பாக்கலன்னா நல்லாவா இருக்கும்?" என்றார் அண்ணாச்சி. அப்புறம், அதைச் சொன்ன வெட்கத்தில், பெட்டியின் அடிப்பாகத்தைத் தடவிக் காட்டினார். "பாரு, ஒரு சொட்டு ஒழுகல!"

இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தேன். வெந்நீர் மாதிரி சுட்டது; சைக்கிள் ட்யூப் வாசனை அடித்தது. அழுகிறேனா என்று மதினி குனிந்து பார்த்தார். அழுதேன்தான்.

பனியை நான் இன்றுவரை பார்த்ததில்லை. குடித்திருக்கிறேன்.