அக்கா அமுக்காத பொத்தான்

புதிதாக எதையாவது கற்றுக்கொண்ட ஆளைக் கொஞ்ச நாளைக்கு வீட்டுக்குள் விடக் கூடாது என்பது என் கருத்து. கார் ஓட்டக் கற்றவர்கள் பால் பாக்கெட் வாங்கக்கூடக் காரில்தான் போவார்கள். யோகா கற்றவர்கள் நாம் மூச்சு விடுவதில் குறை கண்டுபிடிப்பார்கள். நான் டிஜிட்டல் லாஜிக் கற்றேன். அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயம் செய்துவிட்டேன்.

அப்போது நான் புனேயை ஒட்டிய சிஞ்ச்வடில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ இரண்டாம் ஆண்டு. உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் ஒன்று, பூஜ்யம் என்று இரண்டில் அடக்கிவிடலாம் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். கூடவே ஆண்ட் கேட் என்ற சமாச்சாரம். சின்னக் கறுப்புச் சில்லு. இரண்டு கம்பி உள்ளே போகும், ஒன்று வெளியே வரும். உள்ளே போகிற இரண்டிலும் மின்சாரம் இருந்தால்தான் வெளியே வரும். ஒன்று இல்லாவிட்டாலும் வராது. இவ்வளவுதான் விஷயம். எனக்கோ பெருமையில் தலைகால் புரியவில்லை. அம்மா "தோசை போடட்டுமாட்டி?" என்றால், "மாவும் இருக்கு, கேஸும் இருக்கு, ஆகவே ஒன்று" என்பேன். அம்மா தோசைக் கரண்டியை ஓங்குவாள்.

என் அக்கா கோமதி ஒரு விசித்திரப் பிறவி. ரிக்ஷாக்காரர் மீட்டர் போடாவிட்டால் மராத்தியில் அவள் போடுகிற சண்டைக்குத் தெருவே திரும்பிப் பார்க்கும். ஆனால் வீட்டில் நாலு பெரியவர்கள் உட்கார்ந்துவிட்டால் வாயைத் திறக்க மாட்டாள். அதற்கு முன்பு ஒரு முறை பெண் பார்க்க வந்தபோது, சபை நடுவில் அப்பா, "என்னம்மா, சம்மதந்தானே?" என்று கேட்டார். அக்கா தலையைக் குனிந்தாள். அப்பா அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு வாக்குக் கொடுத்துவிட்டார். (உண்மையில் அவள், கீழே விழுந்த லட்டுத் துணுக்கை எறும்புகள் இழுத்துப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம்.) அதை இல்லையென்று ஆக்குவதற்குள் சொந்த ஊரான திருநெல்வேலிக்கும் புனேக்கும் நடுவில் எத்தனை போன், எத்தனை மனஸ்தாபம்! அக்கா அழுது அழுது முகமே வீங்கிப்போயிற்று.

அதனால் அடுத்த வரன் வருகிறது என்றதும் என்னிடம் வந்தாள். "அரே வள்ளி, அப்பா எல்லார் முன்னாடியும் கேட்டா எனக்கு வாயே வராதுடி. இந்தத் தடவையும் அவரா ஏதாவது சொல்லிட்டா நான் என்ன பண்ணுவேன்? நீ ஏதாவது செய்யேன், ப்ளீஸ்" என்றாள். கண் கலங்கியிருந்தது. வகுப்பில் கடைசி பெஞ்சுக்காரியான என்னை நம்பி ஒருத்தி தன் வாழ்க்கையையே ஒப்படைக்கிறாள். நான் ஆண்ட் கேட்டைக் கையில் எடுத்தேன்.

திட்டம் இதுதான். அக்கா உட்காரும் சோபா மெத்தைக்கு அடியில் ஒரு பொத்தான். அடுப்படியில் அம்மாவுக்கு ஒரு பொத்தான். பையனைப் பிடித்திருந்தால் அக்கா அமுக்க வேண்டும். அம்மாவுக்கும் திருப்தி என்றால் அவளும் அமுக்க வேண்டும். இரண்டு பேரும் அமுக்கினால் மட்டும் ஹாலில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஒரு குட்டிப் பச்சை விளக்கு எரியும். எரிந்தால் அப்பா சம்மதம் சொல்லலாம். எரியாவிட்டால், "ஊர்ல கலந்து பேசிட்டுச் சொல்லுதோம்" என்று வழியனுப்பிவிடலாம். (ஒருவர் அமுக்கினாலே போதும் என்று வைத்திருந்தால் அம்மா அக்காவை எப்போதோ கட்டிக்கொடுத்திருப்பாள்.) வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரல் அனுப்பினால் போதாதா என்று கேட்காதீர்கள். அது தெரிந்தால் நான் ஏன் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறேன்?

அப்பாவை ஒப்புக்கொள்ள வைப்பதுதான் கஷ்டம் என்று நினைத்தேன். அவரோ பூரித்துப்போனார். பக்கத்து ஆகுர்டியில் மோட்டார் தொழிற்சாலையில் அசெம்பிளி லைனில் வேலை பார்க்கிறவர். அங்கே ஒவ்வொரு மெஷின் தலையிலும் ஒரு விளக்கு உண்டு. பச்சை எரிந்தால் சாமான் அடுத்த கைக்குப் போகும், யாரும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. "லைட்டு பொய் சொல்லாதும்மா. எம் மவ செஞ்ச மெஷினு" என்று தோளில் தட்டினார். ஒத்திகை பார்த்தோம். அமுக்கினால் எரிந்தது, விட்டால் அணைந்தது. நான் கிட்டத்தட்ட ஒரு விஞ்ஞானி.

ஞாயிற்றுக்கிழமை புனேயின் வாகட் பகுதியிலிருந்து பையன் வீட்டார் வந்தார்கள். பையன் குமரன், ஐ.டி. வேலை. அவனுடைய அப்பா, அம்மா. அக்கா நீலப்பட்டில் வந்து பலகாரத் தட்டைக் கொடுத்துவிட்டு, சொன்ன இடத்தில் உட்கார்ந்தாள். குமரனின் அம்மா, "சட்னி ரொம்ப நல்லாருக்கே!" என்று சொல்லிவிட்டார். போதாதா? என் அம்மா இன்னும் கொஞ்சம் அரைத்துக்கொண்டு வர அடுப்படிக்கு ஓடி மிக்ஸியைப் போட்டாள்.

முருகனுக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்தது.

அப்பா எழுந்துவிட்டார். இரண்டு கையையும் கூப்பி, "எங்களுக்குப் பரிபூரண சம்மதம்!" என்றார். குமரனின் அப்பா அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கட்டிப்பிடித்த கையோடேயே போனை எடுத்து, "ஏ அண்ணாச்சி, முடிஞ்சிட்டு!" என்று ஊருக்கே கேட்கக் கத்தினார். நான் அக்காவைப் பார்த்தேன். அவளுடைய இரண்டு கைகளும் மடியில் இருந்தன. மிக்ஸி நின்றது, விளக்கு அணைந்தது. மிக்ஸி ஓடியது, மறுபடி எரிந்தது.

நான் செய்திருந்த தப்பு இவ்வளவுதான். பொத்தானை அமுக்கினால் கம்பிக்கு மின்சாரம் போகும். அமுக்காவிட்டால்? அமுக்காவிட்டால் பூஜ்யம்தானே என்று நான் பாட்டுக்கு விட்டுவிட்டேன். அது பூஜ்யம் இல்லை. எதனோடும் சேராமல் அந்தரத்தில் தொங்குகிற கம்பி. காற்றில் வருகிற மின் இரைச்சலையெல்லாம் இழுத்துக்கொள்ளும், மிக்ஸியின் இரைச்சல் உட்பட. அக்காவும் அமுக்காமல், அம்மாவும் அமுக்காமல், இரண்டு கம்பியும் ஒன்றாகிவிட்டன. ஒரு சின்ன ரெசிஸ்டர் போட்டு அதை கிரவுண்டோடு, அதாவது பூஜ்யத்தோடு, கட்டியிருந்தால்தான் 'இல்லை' என்பது உறுதியான 'இல்லை'யாக இருக்கும். மறுநாள் லேப் மேடம் தலையில் அடித்துக்கொண்டு சொன்னார்: "சும்மா இருக்கிற கம்பியை நாமா ஒண்ணுன்னோ பூஜ்யம்னோ எடுத்துக்கக் கூடாதும்மா." அதை ஒரு நாள் முன்னாடி சொல்லியிருக்கலாம்.

அக்கா எழுந்தாள். அவள் குரல் நடுங்கியது, ஆனால் வந்தது.

"அப்பா, நான் இன்னும் அமுக்கலை."

"என்னம்மா சொல்லுத? லைட்டு எரிஞ்சிதே!"

"நான் அமுக்கலைப்பா. போன தடவையும் நான் சரின்னு சொல்லலை. நீங்களாத்தான் சொன்னீங்க. என்னைக் கேக்கவே இல்லை."

சபை முன்னால் அவள் இவ்வளவு பேசி நாங்கள் யாரும் கேட்டதில்லை. அப்பாவின் கூப்பிய கை அப்படியே நின்றது. குமரனின் அம்மா, "எதம்மா அமுக்கணும்?" என்றார். வேறு வழியில்லாமல் நான் முருகன் படத்துக்குப் பின்னாலிருந்து பாட்டரி, சில்லு, சோபாவிலிருந்து வயர், எல்லாவற்றையும் உருவிப் போட்டு விளக்க வேண்டியதாயிற்று. "சாமிக்குப் பின்னாடியா இதெல்லாம்!" என்று அந்த அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். பூமி பிளந்து நான் உள்ளே போய்விட மாட்டேனா என்றிருந்தது.

குமரன் மட்டும் குனிந்து எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தான். "இதுல எத்தனை பட்டன்?"

"ரெண்டு. அக்காவுக்கு ஒண்ணு, அம்மாவுக்கு ஒண்ணு."

"எனக்கு?"

அவனுக்கும் ஒரு சம்மதம் வேண்டும் என்பது என் ஞானத்தில் உதிக்கவே இல்லை.

"எங்க வீட்லயும் என்னை யாரும் கேக்கலைங்க" என்றான் அவன், அக்காவைப் பார்த்து.

அக்கா சிரித்துவிட்டாள். வாயைப் பொத்தியும் நிற்காத சிரிப்பு. அம்மா அப்போதுதான் சட்னியோடு வெளியே வந்து, "என்னவாம், பேசி முடிச்சாச்சா?" என்றாள்.

அக்காவும் குமரனும் எங்கள் குடியிருப்பு சோசைட்டி பார்க்கிங்கில் ஸ்கூட்டர்களுக்கு நடுவே நின்று வெகுநேரம் பேசிவிட்டு வந்தார்கள். யோசிக்க அவகாசம் வேண்டும் என்று இரண்டு பேருமே சொன்னார்கள். அதற்குப் பிறகும் பல ஞாயிற்றுக்கிழமைகள் வெளியே சந்தித்தார்கள். கடைசியில் ஒரு காலையில் அக்கா தானாக வந்து, "அப்பா, எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு" என்றாள். அப்பா, "இன்னொருக்கா சொல்லும்மா" என்றார். அவள் சொன்னாள். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு டூட்டிக்குக் கிளம்பிப் போனார்.

அக்காவும் குமரன் அத்தானும் இப்போது வாகட்டில் இருக்கிறார்கள். எங்கள் வீட்டில் யாராவது மற்றவர்களைக் கேட்காமல் எல்லாருக்கும் சேர்த்துப் பாவ் பாஜி ஆர்டர் சொல்லிவிட்டால், "நான் இன்னும் அமுக்கலை" என்று ஒரு குரல் வரும். கல்யாணங்களில் அத்தான் என்னைக் காட்டி இந்தக் கதையை நடித்தே காட்டுகிறார், மிக்ஸி சத்தம் உட்பட.

போன வருடம், கூட வேலை பார்க்கிற ஒரு மராத்திப் பையனைக் கட்டிக்கொள்ள நினைக்கிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். அப்பா ஃபேனை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இது நீயா அமுக்குனியா, இல்ல எங்கயாச்சும் மிக்ஸி ஓடுதா?"

"நானேதான்பா அமுக்கினேன்."

"சரி" என்று எழுந்தவர், வாசல் வரை போய்த் திரும்பி வந்தார். "அந்தப் பையன்ட்ட கேட்டியா? அவனுக்கும் ஒரு பட்டன் உண்டுல்லா?"