எறங்கிநட அண்ணனும் ஒரு பாலமும்

டிக்கெட் எடுத்தவர்களையெல்லாம் நடக்கவிட்டு, வெறும் வண்டியைப் பத்திரமாக அக்கரை சேர்த்த டிரைவர் உலகத்திலேயே எறங்கிநட அண்ணன் ஒருவர்தான். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் மினிபஸ் முதலாளிக்கே மறந்துபோயிருந்தது.

உதியன்குளங்கரையிலிருந்து உள்ளே பிரியும் சாலையில் ஒரு பழைய பாலம். நெய்யாற்றின்கரைக்குப் போகும் அவருடைய வண்டி அதற்கு முன்னால் வந்ததும் நின்றுவிடும். "ஒக்க ஆளும் எறங்கி நடங்க" என்பார். கோர்ட்டுக்குப் போகிறவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், பாலராமபுரம் தறிக்குப் போகும் பெண்கள் எல்லோரும் வரிசையாக நடப்பார்கள். பின்னால் ஆளில்லாத வண்டி, மணமேடைக்கு வரும் பெண்போல அடிமேல் அடிவைத்து வரும்.

கொட்டும் மழையில் ஒரு மாப்பிள்ளையைப் பட்டுவேட்டியோடு இறக்கிவிட்டவர் அவர். காலில் மாவுக்கட்டுப் போட்டிருந்த ஒருவரை நாலு பேர் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். சீட்டுக்கடியில் பலாப்பழம், எங்கள் ஊர்ச் சக்கை, மூன்று இருப்பதைக் கண்டுபிடித்து, சக்கைக்கும் கனம் உண்டு என்று அவற்றையும் இறக்கினார்.

தறிக்குப் போகும் அக்கா ஒருத்தி ஒருநாள் கேட்டாள்: "அண்ணா, நீங்க மட்டும் உள்ள இருக்கியளே, பாலம் விழுந்திருமோன்னு ஒங்களுக்குப் பேடி இல்லியா?"

"வண்டி தானா போவாதுல்லா" என்றார் அண்ணன்.

கடைசியில் பயணிகள் சேர்ந்து முதலாளியிடம் புகார் கொடுத்தார்கள். பாலத்தைப் பரிசோதிக்க ஆள் வருகிறது, உறுதியாக இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தால் அன்றைக்கே சாவியைக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

வந்த ஆள் நான். பரிசோதனைக் குழுவில் கடைக்குட்டி. அப்பா ரப்பர் வெட்டுகிறவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டிய முதல் ஆள் நான்தான். அம்மை வாங்கித் தந்த புது ஷூவைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்திருந்தேன். கான்கிரீட்டைத் தட்டிப் பார்த்தோம். மணல் ஏற்றிய இரண்டு லாரிகளைப் பாலத்தின் நடுவில் ஒருநாள் முழுக்க நிறுத்தி, எவ்வளவு தொய்கிறது என்று அளந்தோம். லாரிகள் போனதும் பாலம் பழைய நிலைக்கே வந்துவிட்டது. நல்ல பாலம். படிவத்தில் ஒவ்வொரு கட்டமாக 'நன்று' எழுதிக்கொண்டு போனேன்.

அண்ணன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டு நின்றார். வேலை போகப்போகிறவரின் முகமாகவே இல்லை.

"எலே மக்கா, காலு நோவுதுன்னு வந்தவனுக்க வயித்த அமுக்கிப் பாத்தா காலு தெரியுமா?"

கையைப் பிடித்து வண்டிக்குள் கூட்டிப்போனார். ஸ்டீயரிங்குக்கு முன்னால் பாதி தண்ணீரோடு ஒரு பாட்டில் கட்டியிருந்தது. பாலத்தில் ஏறும் இடத்தில், ஆளோடு போனால் பாட்டிலில் உள்ள வெள்ளம் இடப்பக்கம் சரியும், வெறும் வண்டி போனால் சரியாது, ஒவ்வொரு மழைக்கும் சரிவு கூடிக்கொண்டே வருகிறது என்றார். இதை ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். "திட்டினவன் உண்டு மக்கா, கேட்டவன் இல்ல."

பாலத்தைக் கரையில் தாங்கும் சுவரின் அடியைப் பார்த்தாயா என்று கேட்டார். படிவத்தில் அந்தக் கட்டத்திலும் 'நன்று' இருந்தது. ஆனால் நான் பார்த்திருக்கவில்லை. அங்கே தாழைபோல முள்ளுமுள்ளாகக் கைதைக் காடு. கீழே இடுப்பளவு சேறு. என் காலிலோ புது ஷூ.

ஷூவைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு இறங்கினேன். மூங்கில் கழியைச் சுவரின் அடியில் குத்தினேன். மண்ணில் முட்டவில்லை. கழி உள்ளே போய்க்கொண்டே இருந்தது, என் தோள்வரைக்கும். ஆறு உள்ளே இருந்த மண்ணை முழுக்கத் தின்றிருந்தது. கைதையின் கீறலோடு சேற்றில் நின்று, மேலே பார்க்க வெட்கப்பட்டுக்கொண்டு, பாலத்தில் வண்டிகளை விடாமல் நிறுத்தச் சொன்னேன். அண்ணன் அதற்கு முன்பே தன் வண்டியைச் சாலையின் குறுக்கே நிறுத்தியிருந்தார், கக்கத்தில் என் ஷூவோடு.

அன்றே பாலத்தை அடைத்தார்கள். 'நன்று' என்பதை அடித்துவிட்டு, நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முதலாளி சாவியைக் கேட்கவில்லை. அடித்தளத்தைக் கட்டி முடித்ததும் மறுபடி பரிசோதித்தோம். இந்தமுறை முதலில் இறங்கிய இடம் கைதைக் காடு.

பாலம் திறந்த காலையில் நானும் வண்டியில் ஏறினேன். வழக்கமான இடத்தில் வண்டி நின்றது. பழக்கத்தில் எல்லோரும் எழுந்தார்கள். "ஆரும் எறங்கண்டாம், இரிங்க" என்றார் அண்ணன். அப்புறம் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"நீ மட்டும் எறங்கி நட."

"அண்ணா, நான்தானே சரின்னு கையெழுத்துப் போட்டேன்?"

"போட்டது சரியாத்தான் இருக்கும். ஒருவேள நாங்க ஒக்க ஆளும் விழுந்தா, எதுக்கு விழுந்துதுன்னு சொல்லதுக்கு ஒருத்தன் கரையில வேணுமாக்கும்."

வண்டியே சிரித்தது. நான் இறங்கி நடந்தேன். நிறைந்த வண்டி என்னைத் தாண்டிப் போனது. பாட்டிலில் வெள்ளம் சரியவில்லை என்று அக்கரையில் ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினார்.

அதன்பிறகு எத்தனையோ பாலங்கள் பார்த்தாயிற்று. என்னை இறக்கிவிட, இதுவரை வேறு யாரும் வண்டியை நிறுத்தியதில்லை.